ஸ்டாக்ஹோமில் தொலைந்த பியானோ... பெபோ வால்டெஸை நல்ல ஒலியில் எங்கே கேட்பது?

போனில் ஏதாவது ஒரு மியூசிக் ஆப்பைத் திறந்து 'பெபோ வால்டெஸ்' என்று தேடினால், ஆல்பங்கள் வரிசைகட்டி வந்து விழும். அட்டைப்படங்களில் பெரும்பாலும் ஒரு பனைமரம், ஒரு பழைய அமெரிக்க கார், கொஞ்சம் சுருட்டுப் புகை. முதலில் கண்ணில் பட்டதைத் தட்டினால், தகரக் கூரையில் மழை பெய்யும் சத்தத்துக்கு நடுவே பக்கத்துத் தெருவில் யாரோ பியானோ வாசிப்பதுபோல் கேட்கும். அரை நிமிடத்தில் கை தானாக அடுத்த பாட்டுக்குப் போய்விடும். கியூபா தந்த மிகப் பெரிய ஜாஸ் பியானோ கலைஞர்களில் ஒருவரை, பலரும் இப்படித்தான் கடந்துபோகிறார்கள்.

தப்பு அவர் விரல்களில் இல்லை. தட்டிய ஆல்பத்தில் இருக்கிறது.

பெபோ விஷயத்தில் ஒரு விநோதம் உண்டு. பொதுவாக ஒரு கலைஞரின் இளமைக்கால ஒலிப்பதிவுகளைத்தான் ரசிகர்கள் தேடி அலைவார்கள். வயதான பிறகு வந்தவற்றை மரியாதைக்காகக் கேட்பார்கள். இவருக்கு எல்லாமே தலைகீழ். முப்பதுகளில் அவர் வாசித்தது கரகரவென்றுதான் கிடைக்கிறது. எண்பதுகளில் வாசித்தது, பியானோவுக்குள் தலையை விட்டுக் கேட்பதுபோல அவ்வளவு தெளிவாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் 30 ஆண்டுகளுக்கும் மேல் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அந்த இடைவெளி எப்படி வந்தது என்று தெரிந்தால், எதைத் தேட வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

டிராபிகானா நாள்கள்

1918 அக்டோபர் 9-ம் தேதி, ஹவானாவுக்குத் தெற்கே உள்ள கிவிகான் என்ற சிற்றூரில் பிறந்தார் பெபோ. 'வால்டெஸ்' என்ற குடும்பப் பெயரை வைத்து மட்டும் தேடினால் குழம்பிப்போவீர்கள். கியூப இசையில் மிகேலிட்டோ வால்டெஸ், படாட்டோ வால்டெஸ், மெர்சிடிட்டாஸ் வால்டெஸ் எனத் திரும்பிய பக்கமெல்லாம் வால்டெஸ்கள். ஹவானாவில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கிய பிஷப்பின் பெயர் வால்டெஸ். அங்கே வளர்ந்த குழந்தைகளுக்கெல்லாம் அவர் பெயரையே வைத்தார்கள். அதனால்தான் அந்தத் தீவில் இந்தப் பெயர் இவ்வளவு பரவிக்கிடக்கிறது.

1948 முதல் 1957 வரை ஹவானாவின் புகழ்பெற்ற டிராபிகானா கேளிக்கை விடுதியில் பியானோ கலைஞராகவும் இசைக்கோர்ப்பாளராகவும் இருந்தார் பெபோ. அமெரிக்காவிலிருந்து பணக்காரர்களும் நட்சத்திரங்களும் விமானம் ஏறி வந்து குவிந்த காலம் அது. டிரம்பெட்டும் டிரம்ஸும் முழங்கும் பெரிய இசைக்குழுவில் பியானோ காதில் விழவேண்டும் என்றால், ஒரே சுரத்தை மேலும் கீழுமாக இரண்டு ஸ்தாயியில் சேர்த்து அடிக்க வேண்டும். கியூப பியானோவின் தனி முத்திரையான அந்த வாசிப்பு பெபோவின் இரண்டு கைகளிலும் ஊறியிருந்தது. 1952-ல் 'படாங்கா' என்ற புதுத் தாளத்தை அவர் அறிமுகப்படுத்தியபோது, அந்த இசைக்குழுவில் பாடியவர் பெனி மோரே. கியூபர்கள் இன்றும் கொண்டாடும் குரல்.

அதே 1952-ல்தான் தேடுபவர்களை இன்றுவரை ஏமாற்றும் அந்த ஒலிப்பதிவும் நடந்தது. அமெரிக்க ஜாஸ் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸுக்காக, ஹவானாவின் பனார்ட் ஸ்டூடியோவில் பெபோ சில கலைஞர்களைக் கூட்டி, முன்தயாரிப்பு இல்லாமல் மனம்போன போக்கில் வாசிக்க வைத்தார். இப்படிக் கூடி வாசிப்பதை கியூபாவில் 'டெஸ்கார்கா' என்பார்கள். பதிவு செய்யப்பட்ட முதல் டெஸ்கார்கா என்று பலரும் குறிப்பிடும் 'கோன் போக்கோ கோக்கோ' அன்று பிறந்தது. ஆனால் ரெக்கார்டு வெளிவந்தபோது அட்டையில் பெபோவின் பெயர் இல்லை. 'ஆந்த்ரேஸ் ஆல் ஸ்டார்ஸ்' என்று இருந்தது. ஆக, அவருடைய பெயரைப் போட்டுத் தேடுபவருக்கு அவர் செய்த முக்கியமான வேலை அகப்படாமலே போகலாம்!

1958-ல் நேட் கிங் கோல் ஹவானாவுக்கு வந்து ஸ்பானிஷில் பாடிய 'கோல் எஸ்பான்யோல்' ஆல்பத்திலும் பெபோவுக்குப் பங்கு உண்டு. கோலின் ரசிகர்கள் பெபோவைத் தெரியாமலேயே பெபோவைக் கேட்டிருப்பார்கள். அந்தக் காலத்துப் பதிவு ஒன்று எவ்வளவு நன்றாக இருக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. பெரிய நிறுவனம் வெளியிட்டது, டேப்பை ஒழுங்காகப் பாதுகாத்தது. விஷயம் அவ்வளவுதான்.

கரகரப்பு எங்கிருந்து வருகிறது?

ஸ்டூடியோவில் முதலில் பதிவாகும் நாடாவை 'மாஸ்டர் டேப்' என்பார்கள். அது கையில் இருந்தால் 70 வருடம் கழித்தும் நல்ல ஒலியை எடுக்கலாம். பனார்ட், 1940-களில் ரமோன் சபாட் என்பவர் தொடங்கிய கியூப நிறுவனம். புரட்சிக்குப் பிறகு 1961-ல் அது அரசுடைமை ஆனது. பின்னர் ஸ்டூடியோ எக்ரெம் என்ற அரசு நிறுவனத்தின் கைக்குப் போனது. உரிமையாளர்கள் ஒரு நாட்டில், டேப்புகள் ஒரு நாட்டில், ஒப்பந்தக் காகிதங்கள் இன்னொரு நாட்டில் என்று எல்லாம் சிதறிப்போன காலம். பனார்ட் மட்டுமல்ல, அன்றைய ஹவானாவில் இயங்கிய பல நிறுவனங்களின் கதை ஏறக்குறைய இதுதான்.

இதோடு ஐரோப்பியச் சட்டமும் சேர்ந்துகொண்டது. அங்கே ஒலிப்பதிவுகளுக்கான உரிமை 50 ஆண்டுகள் என்று இருந்தது. 2011-ல் அதை 70 ஆக உயர்த்த முடிவானது. ஆனால் அதற்குள் காலாவதியான பதிவுகளுக்கு உரிமை திரும்பி வரவில்லை. அதாவது, 1963-க்கு முன்பு வெளியான எதையும் அங்கே யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். சட்டப்படி குற்றமில்லை. மாஸ்டர் டேப் இல்லாத சின்னச்சின்ன நிறுவனங்கள் என்ன செய்யும்? யாரிடமாவது இருக்கும் பழைய இசைத்தட்டை வாங்கி, ஓடவிட்டு, அதைப் பதிவு செய்யும். கீறல் சத்தம் கேட்டால் கம்ப்யூட்டரில் போட்டு வழித்தெடுக்கும். அப்படி வழிக்கும்போது இரைச்சலோடு சேர்ந்து பியானோவின் மேல்சுரங்களின் மினுமினுப்பும் போய்விடும். மிச்சம் இருப்பது, கம்பளிக்குள் சுற்றிவைத்த பியானோ. அதன்மேல் 'ரீமாஸ்டர்டு' என்று ஒரு வார்த்தையையும் ஒட்டிவிடுவார்கள். இந்த வார்த்தையை மட்டும் நம்பி யாரும் காசு கொடுக்க வேண்டாம்.

டேப் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1956-ல் பனார்ட்டில் பதிவான 'கியூபன் ஜாம் செஷன்' தொடரின் முதல் ஆல்பத்தில் பியானோ வாசித்தவர் பெபோவின் சமகாலத்தவரான பெருச்சின். அந்தத் தொடர் முழுவதையும் 2018-ல் அமெரிக்காவின் கிராஃப்ட் ரெக்கார்டிங்ஸ் நிறுவனம் அசல் டேப்புகளிலிருந்து எடுத்து ஐந்து தட்டுகளாக வெளியிட்டது. கேட்டுவிட்டு, அதே பாடல்களின் மலிவுப் பதிப்பு ஒன்றையும் கேட்டுப்பாருங்கள். பழசு என்பதால் கரகரக்கிறது என்று இனிமேல் சொல்லத் தோன்றாது.

17 நாள் கழித்து

பெபோவின் மூத்த மகன் சுச்சோ வால்டெஸ். அவரும் பியானோ மேதை. அவர் பிறந்ததும் அக்டோபர் 9. வருடம் 1941. அப்பாவின் பிறந்தநாளே மகனின் பிறந்தநாள். டீன் ஏஜிலேயே அப்பாவின் 'சபோர் டி கூபா' இசைக்குழுவில் பியானோ முன் உட்கார்ந்தவர் சுச்சோ.

1960 அக்டோபர் 9 அன்று அப்பாவுக்கு 42, மகனுக்கு 19. அடுத்த 17-வது நாள், அக்டோபர் 26, பெபோ பாடகர் ரோலாண்டோ லாசேரியுடன் மெக்சிகோவுக்கு விமானம் ஏறினார். மனைவியும் பிள்ளைகளும் ஹவானாவில் இருந்தார்கள். அவர் அதன்பிறகு கியூப மண்ணை மிதிக்கவே இல்லை.

மெக்சிகோ, ஸ்பெயின் எனச் சுற்றி, லெகுவோனா கியூபன் பாய்ஸ் குழுவோடு ஐரோப்பாவில் ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்தவர், 1963-ல் ஸ்டாக்ஹோம் வந்தபோது ரோஸ் மரி என்ற ஸ்வீடன் பெண்ணைச் சந்தித்தார். திருமணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார். பிழைப்புக்கு? ஹோட்டல் பியானோ. டிராபிகானாவில் முழு இசைக்குழுவுக்கும் இசைக்கோர்வை எழுதியவர், சாப்பிடுபவர்களின் பேச்சுக்குப் பின்னால் மெல்லிசை வாசிக்கும் வேலையைச் செய்தார். ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை. 1990 வாக்கில் ஓய்வு பெறும்வரை!

அந்த வருடங்களில் சொல்லிக்கொள்ளும்படி அவர் பெயரில் ஆல்பம் எதுவும் இல்லை. நாற்பதுகளின் நடுவிலிருந்து எழுபது வரை ஒரு கலைஞனின் முதிர்ந்த பருவம் மொத்தமும் ஸ்கேண்டிநேவியக் குளிரில், காபிக் கோப்பைச் சத்தத்தில் கரைந்துவிட்டது. இதற்கு ரீமாஸ்டர் கிடையாது.

நடுவில் ஒரே ஒரு வெளிச்சம். 1978-ல் சுச்சோ, தான் தொடங்கிய 'இராகேரே' குழுவோடு நியூயார்க்கின் கார்னகி ஹாலில் வாசிக்க வந்தார். பெபோ அங்கே போனார். 18 வருடம் கழித்து அப்பாவும் மகனும் பார்த்துக்கொண்டார்கள். அன்று அந்தக் குழுவில் சாக்ஸபோன் வாசித்தவர் பாகிட்டோ டிரிவேரா. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு போன் கால்

1994-ல் ஸ்டாக்ஹோம் வீட்டுக்கு போன் செய்தவர் அந்த பாகிட்டோதான். ஜெர்மனியின் மெசிடோர் நிறுவனத்துக்காக ஓர் ஆல்பம், வாசிக்க வருகிறீர்களா என்று கேட்டார். பெபோவுக்கு அப்போது 76 வயது. பேசிய கையோடு உட்கார்ந்து புதுப் பாடல்களையும் இசைக்கோர்வைகளையும் எழுதத் தொடங்கினார். அந்த நவம்பரில் ஜெர்மனியில் ஒலிப்பதிவு முடிந்தது. 'பெபோ ரைட்ஸ் அகெய்ன்' என்று பெயர். படாட்டோவின் கொங்கா, ஹுவான் பாப்லோ டோரெஸின் டிராம்போன், பாகிட்டோவின் சாக்ஸபோன், நடுவில் முப்பதாண்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்த பியானோ. நல்ல ஒலியில் பெபோ கிடைக்கத் தொடங்குவது இங்கிருந்துதான்.

இருந்தாலும் உலகம் திரும்பிப்பார்க்க இன்னும் ஆறு வருடம் ஆனது. ஸ்பெயின் இயக்குநர் ஃபெர்னாண்டோ ட்ருயேபா 2000-ல் எடுத்த 'காயே 54' லத்தீன் ஜாஸ் கலைஞர்களைப் பற்றிய ஆவணப்படம். கதை சொல்வதைவிட வாசிக்கவிட்டுப் பார்ப்பதில்தான் படத்துக்கு ஆர்வம். பெரும்பகுதி ஸ்டூடியோவில் படமானது. அதில் அப்பாவும் மகனும் ஆளுக்கொரு பியானோவில் உட்கார்ந்து 'லா கொம்பார்சா' வாசிக்கிறார்கள். எர்னெஸ்டோ லெகுவோனாவின் இசை. கொம்பார்சா என்றால் திருவிழா ஊர்வலம். ஊர்வலம் எங்கேயோ தூரத்தில் வருவதுபோல் மிக மெல்லிய தாளத்தில் தொடங்கும். கிட்டே வரவர முழங்கும். பிறகு தெருமுனையில் திரும்பிப் போய் மறைந்துவிடும்.

ஒரு பதிவு நல்லதா, மோசமானதா என்று சோதிக்க இந்த ஒரே இசை போதும். மோசமான பதிவில் தூரத்து ஊர்வலம் இரைச்சலில் மூழ்கிவிடும். திடீரென்று வாசலில் வந்து நிற்கும். 'காயே 54' பதிவில் முதல் அடியிலிருந்தே அது வருவது கேட்கும். யார் அப்பா, யார் மகன் என்பதும் கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிடும். மகனின் விரல்கள் புயல். அப்பா தேவையான இடத்தில் மட்டும் தொடுகிறார்.

எதில் தொடங்குவது?

ட்ருயேபா அதோடு விடவில்லை. பெபோவின் ஆல்பங்களைத் தானே தயாரிக்கத் தொடங்கினார். 2003-ல் வந்த 'லாக்ரிமாஸ் நேக்ராஸ்' - கறுப்புக் கண்ணீர் என்று பொருள் - பெபோவையும் ஸ்பெயினின் ஃபிளமெங்கோ பாடகர் டியேகோ எல் சிகாலாவையும் சேர்த்துவைத்தது. பெபோவுக்கு 84 வயது. சிகாலாவின் குரல் தொண்டை கிழிய அழும். பெபோவின் பியானோ பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டிக்கொடுக்கும். ஜாஸ் என்றால் தூரம் ஓடுபவர்களும் இதை முழுசாகக் கேட்பார்கள். வீட்டில் எல்லோருமாகக் கேட்க வேண்டும் என்றால் இதுதான் முதல் படி. லத்தீன் கிராமி விருதும் வாங்கிய ஆல்பம்.

பியானோவைத்தான் கேட்க வேண்டும், பாட்டு வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு பரிந்துரைகள். 'எல் ஆர்ட்டே டெல் சபோர்' ஆல்பத்தில் பெபோவோடு பேஸ் வாசிப்பவர் மேதை கச்சாவோ, கொங்கா வாசிப்பவர் படாட்டோ. மூன்று கிழவர்கள், துளி அலட்டல் இல்லை. இடது கையின் தாளச் சுழற்சி தனியாக, பேஸ் தனியாக, தோலில் விழும் விரல் தனியாகக் கேட்கும். இன்னொன்று, 2007-ல் வந்த 'லைவ் அட் தி வில்லேஜ் வான்கார்ட்'. நியூயார்க்கின் அந்தச் சின்ன நிலவறை கிளப்பில் ஹவியேர் கோலினாவின் பேஸ் மட்டும் துணைக்கு. உண்மையில் பெபோவின் மிகச் சிறந்த பதிவு எது என்று சண்டை வந்தால் இதன் பக்கம்தான் நிற்க வேண்டும். விருது வாங்கிய ஆல்பங்களின் நிழலில் இது கவனிக்கப்படாமல் கிடக்கிறது.

சுச்சோவோடு சேர்ந்து 2008-ல் வெளியிட்ட 'ஹுன்டோஸ் பாரா சியெம்ப்ரே', அதாவது 'என்றென்றும் சேர்ந்தே', ஹெட்போனில் கேட்க வேண்டியது. இரண்டு பியானோ ஒன்றோடொன்று பேசுவதை போன் ஸ்பீக்கரில் கேட்டால் சந்தைக் கூச்சல்போல் ஆகிவிடும். இதற்குக் கிராமி, லத்தீன் கிராமி இரண்டும் கிடைத்தன.

தேடும்போது கலைஞர் பெயரைவிட ஆல்பத்தின் பெயரை டைப் செய்வது நல்லது. ஆல்பத்தின் கீழே, பொடி எழுத்தில் வெளியீட்டு நிறுவனமும் வருடமும் இருக்கும். 1950-களின் பாட்டுக்கு 2012, 2015 என்று வருடம் போட்டு, கேள்விப்படாத நிறுவனத்தின் பெயர் இருந்தால், பெரும்பாலும் இசைத்தட்டிலிருந்து சுரண்டியது. பெபோ ரைட்ஸ் அகெய்னுக்குப் பிறகு வந்தவற்றில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஆப்பின் செட்டிங்ஸில் டேட்டாவை மிச்சம் பிடிக்கும் வசதி ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். வைஃபையில் டவுன்லோடு செய்து கேட்டால் இன்னும் நல்லது. இதைச் செய்யாமல் புது ஹெட்போன் வாங்குவது வீண் செலவு.

அப்படியானால் கரகரப்பான பழைய பெபோவைக் கேட்கவே வேண்டாமா? கேளுங்கள், கடைசியில். எண்பது வயது பெபோவின் விரல் காதுக்குப் பழகிய பிறகு 'கோன் போக்கோ கோக்கோ'வைப் போட்டால், இரைச்சலுக்குப் பின்னால் ஓடுபவர் யார் என்று அடையாளம் தெரியும். அறிமுகமான முகத்தைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பதுபோல.

அதே கட்டடம்

பெபோவைத் தேடுபவர் வழியில் இன்னொருவரையும் தவறவிடக் கூடாது. ரூபென் கோன்சாலெஸ். பெபோவைவிட ஒரு வயது இளையவர். அவர் கியூபாவைவிட்டுப் போகவில்லை. 1996-ல் 'புவெனா விஸ்டா சோஷியல் கிளப்' ஒலிப்பதிவுக்கு அழைத்தபோது அவரிடம் வாசிக்க ஒரு பியானோ இல்லை. வீட்டில் இருந்ததைப் பூச்சி அரித்துவிட்டது. விரல்களில் மூட்டுவலி. பதிவு நடந்த இடம் எக்ரெம் ஸ்டூடியோ. அதாவது பெபோ 1952-ல் வாசித்த பழைய பனார்ட். காலையில் ஸ்டூடியோ திறக்கும் முன்பே வாசலில் வந்து நின்றுவிடுவாராம் ரூபென். உள்ளே ஒரு பியானோ இருக்கிறதே! அந்த வேகத்தில் இரண்டே நாளில் பதிவானது அவருடைய 'இன்ட்ரோட்யூசிங்' ஆல்பம். மேலே எதையும் ஒட்டவில்லை, திருத்தவில்லை. அந்த அறையின் காற்றுகூடக் கேட்கும். பனார்ட் காலத்து அறை எப்படி ஒலித்திருக்கும் என்று கற்பனை செய்ய இதைவிட நல்ல வழி இல்லை.

போனவரும் இருந்தவரும் இருவரும் எழுபதைக் கடந்த பிறகுதான் உலகத்தின் காதில் விழுந்தார்கள்.

பெபோ 2013 மார்ச் 22 அன்று ஸ்டாக்ஹோமில் காலமானார். 94 வயது. கடைசி ஆண்டுகளில் அல்சைமர் அவருடைய நினைவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்பு இன்னொரு வேலையை முடித்திருந்தார். ட்ருயேபாவும் ஓவியர் ஹவியேர் மரிஸ்கலும் எடுத்த 'சிக்கோ அண்ட் ரீட்டா' என்ற அனிமேஷன் படம் 2010-ல் வந்தது. ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம். கதை 1948-ல் ஹவானாவில் தொடங்குகிறது. நாயகன் இளம் பியானோ கலைஞன். பெபோ டிராபிகானாவில் சேர்ந்ததும் அதே வருடம்தான். திரையில் அந்த இளைஞன் பியானோ முன் உட்கார்ந்து இரண்டு கைகளையும் இறக்கும்போது, கீறல் இல்லாமல், இரைச்சல் இல்லாமல், பளிச்சென்று கேட்பது 90 வயதை எட்டிய பெபோவின் விரல்கள்.